ஒட்டும், ஒட்டாது, ஆவியாகிப் போகும்

ஒட்ட வேண்டியது ஏன் ஒட்டவில்லை, ஒட்டக் கூடாதது ஏன் ஒட்டிக்கொண்டது என்ற இரண்டு கேள்விகளுக்கு நாள் முழுக்க நின்றுகொண்டே பதில் சொல்வதற்குத்தான் ரசாயனக் கடை வேலை என்று பெயர்.

நான் வேதியியலில் முதுகலை படித்தவள். கல்லூரியில் பாடம் நடத்தப் போவதாக இருந்தேன். அது நடக்கவில்லை, அருப்புக்கோட்டையில் சாயப்பொடி, தின்னர், பசை, கிளிசரின் எல்லாம் விற்கும் ஒரு கடையின் கவுண்டருக்குப் பின்னால் பதினோரு வருஷமாக நிற்கிறேன். முதலாளியை நாங்கள் பாய் என்போம், ஊரும் அப்படித்தான் சொல்லும். பேரல் உருட்ட, ஊற்ற, நிறுக்க முத்துக்காளை அண்ணன் இருக்கிறார். ஆக நாங்கள் மூன்று பேர்.

படித்து முடித்தபோது வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பு ஒரு பொருளின் குணத்தை எப்படி மாற்றுகிறது என்பது. நாலு வரியில் பதில் சொல்லி நல்ல பேர் வாங்கினேன். அதே கேள்வியைத்தான் இப்போது வாடிக்கையாளர்கள் தினமும் கேட்கிறார்கள். ஆனால் மூலக்கூறு என்ற வார்த்தையை அவர்களும் சொல்வதில்லை, என்னையும் சொல்ல விடுவதில்லை. எந்தக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவராக இருந்தாலும் உங்களுக்கு என் நிலைமை புரியும்.

மூன்று தட்டுகள்

புது வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார், பெயிண்டர் கருப்பசாமியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். சனிக்கிழமை எங்களிடம் தின்னர் வாங்கியிருந்தார். பிரஷ் ஊறப்போட அதை வாய் அகலமான வாளியில் ஊற்றி, மாடியில் தகரக் கொட்டகைக்குள் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. திங்கள் காலை பார்த்தால் வாளியில் பாதிதான் இருக்கிறது. கொட்டகைச் சாவி கருப்பசாமியிடம் இருந்தது. வாத்தியார் திருட்டு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அளவு சரியாகத்தான் கொடுத்தீர்களா என்று விசாரித்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். கருப்பசாமி கடைக்குள் ஏறாமல் படியிலேயே நின்றார். சாவி கொடுக்க யோசிக்கிறார்கள் என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பிவிட்டால், அந்தப் பெயிண்டருக்கு டவுனில் யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள்.

நான் மூன்று எவர்சில்வர் தட்டுகளை எடுத்து ஒன்றில் ஒரு கரண்டி தின்னர், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் விளக்கெண்ணெய் ஊற்றி மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். இருவருக்கும் டீ சொன்னேன். டீ வந்து குடித்து முடிப்பதற்குள் தின்னர் தட்டு காய்ந்துவிட்டது. தண்ணீர் அப்படியே இருந்தது. விளக்கெண்ணெய் தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்றே தெரியாமல் கிடந்தது. எண்ணெயில் இருக்கும் துகள்கள் ஒன்றையொன்று இறுகக் கட்டிப்பிடித்திருக்கின்றன, தண்ணீரில் கை கோத்திருக்கின்றன, தின்னரில் இருப்பவை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் போல சும்மா உட்கார்ந்திருக்கின்றன, கொஞ்சம் சூடு பட்டால் எழுந்து போய்விடும் என்று சொன்னேன். சித்திரை மாசத்துத் தகரக் கொட்டகையில் மூடாத வாளி என்றால் கேட்கவே வேண்டாம்.

வாத்தியார் காய்ந்த தட்டை விரலால் தடவி, மோந்து பார்த்தார். பிறகு கருப்பசாமியைப் பார்க்காமலேயே, நாளைக்கு வழக்கம்போல வந்துவிடச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கருப்பசாமி அப்போதுதான் படியேறி உள்ளே வந்தார். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. "காலையில இருந்து நானும் இதைத்தான் சொன்னேன். என்கிட்டத் தட்டு இல்ல, அம்புட்டுதான்" என்றார்.

அவசரப்படாத பொருள்

திருச்சுழியில் சோப்பு தயாரிக்கும் ஒருவர் மார்கழி மாசத்துக் காலையில் கிளிசரின் வாங்க வந்தார். பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று வரும்போதே சொல்லிவிட்டார். முத்துக்காளை அண்ணன் பேரலைச் சாய்த்தார். கிளிசரின் பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஊற்றினால் கயிறு இறங்குகிற மாதிரி இறங்கும். அதன் ஒவ்வொரு துகளுக்கும் மூன்று கைகள், மூன்றாலும் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், குளிர்ந்தால் பிடி இன்னும் இறுகும் என்று நான் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தானும் வந்து பேரலை ஒரு பக்கம் பிடித்துச் சாய்த்தார். கேன் கால்வாசி நிறைந்தபோது அவருடைய பஸ் எங்கள் கடையைத் தாண்டிப் போனது. அவர் பேரலை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முத்துக்காளை அண்ணன் கேனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீங்க அவசரப்படலாம், நான் அவசரப்படலாம். மார்கழியில இது அவசரப்படாதுண்ணே."

கட்டைவிரல்

பாண்டி, எம்.ரெட்டியபட்டிக்கும் டவுனுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய போனின் பின்பக்க உறை விண்டிருந்தது. எங்கள் கடையில் வாங்கிய அவசரப் பசையைத் தடவி, இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஆள் ஏறியது. வண்டியை எடுக்கும் அவசரத்தில் விரலை எடுக்க மறந்துவிட்டார். பாதி வழியில் வீட்டிலிருந்து போன் வந்தது. வலது கையில் ஆக்ஸிலேட்டர், இடது கையில் போனே இருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. மணி விடாமல் அடிக்கவும், பின்னால் இருந்த ஒரு பெண் எட்டி அதைத் தொட்டு, அவுகளால பேச முடியாது, கை மாட்டிக்கிருச்சு என்று பாண்டியின் மனைவியிடம் உதவியாகச் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் போன் வரவில்லை. ஒட்டிய போனோடு கடை வாசலில் நின்றுகொண்டு, அதுதான் பயமாக இருக்கிறது என்றார் பாண்டி.

இழுக்க வேண்டாம், தோல் வந்துவிடும் என்று சொல்லி, அசிட்டோனைப் பஞ்சில் நனைத்தேன். அசிட்டோன் பசைக்குள் புகுந்து அதன் பிடியைத் தளர்த்திவிடும். ஆனால் அதற்குப் பசை, பிளாஸ்டிக், அச்சு மை என்ற பேதம் கிடையாது. உறையின் பின்பக்கத்தில் அவருடைய மனைவியின் படம் பெரிதாக அச்சடித்திருந்தது. படம் போய்விடும் என்று முதலிலேயே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் படத்தையும் விரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செய்யுங்க என்றார். விரல் சேதாரமில்லாமல் வந்தது. படத்தில் காதோரம் ஒரு பூ மட்டும் மிச்சமிருந்தது, மற்றதெல்லாம் ரோஸ் நிறத்தில் இழுவிவிட்டது. பாண்டி விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "கை பொழச்சுருச்சுக்கா. இனி நான் பொழைக்கணும்."

கருப்புச் சட்டை

கார்த்திகை பிறக்கும் முன்னால் கருப்புச் சாயம் நன்றாக விற்கும். மாலை போடப் போகிற ஒரு பருத்தி வியாபாரி, புதுத் துணி எதற்கு என்று தன் வெள்ளைச் சட்டை இரண்டுக்குச் சாயம் கேட்டார். அசல் பருத்திதானா என்று நான் கேட்டேன். பருத்தி வியாபாரியிடமே கேட்கிறாயே என்பது போலப் பார்த்தார். சாயம் காய்ச்சும் முறையை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து மாலையோடு வந்து கவுண்டர் முன்னால் நின்றார். சட்டை அட்டைக் கருப்பு. ஆனால் காலர், பை, தோள்பட்டை, பொத்தான் துளை என்று தையல் போன இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. துணி பருத்தி, தைத்த நூல் பாலியஸ்டர். பருத்தியில் சாயம் கை கோத்து நிற்க இடம் இருக்கிறது. பாலியஸ்டரில் பிடிமானம் கிடையாது, அலசும்போது தண்ணீரோடு போய்விடும். துணியைக் கேட்ட நான் நூலைக் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு, கருப்பு மார்க்கர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மாலை போட்டவர் கோபப்படக் கூடாதல்லவா, அவர் அதை அமைதியாக வாங்கிக்கொண்டார். "குருசாமி கேக்குறாக, சாமி, சட்டையைத் தச்சு முடிக்கும் முன்னாடியே வாங்கிட்டு வந்துட்டீகளானு."

உருளும் மருந்து

பேச்சியம்மாள் என்ற விவசாயி ஒரு மக்காச்சோள இலையைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு வந்தார். திருச்சுழி பக்கம் மானாவாரி நிலம். பயிரில் படைப்புழு. இரண்டு தடவை மருந்தடித்தும் புழு சாகவில்லை, மருந்துக்கடைக்காரர் வெறும் தண்ணீரைக் கொடுத்துவிட்டார், சோதித்துச் சொல் என்றார். அது என் வேலை இல்லை என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் இலையைக் கவுண்டர் மேல் விரித்துவிட்டார். இந்த மழைக்கு விதைத்தது இது ஒன்றுதானாம்.

இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முத்துப் போல உருண்டு கீழே விழுந்தது. இன்னொரு சொட்டில் சோப்புக் கரைசலைத் தொட்டு விட்டேன். அது பரவி இலையை நனைத்தது. தண்ணீருக்குத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் ஆசை அதிகம், இலைமேல் மெழுகு வேறு இருக்கிறது, அதனால் மருந்து இலையில் நிற்காமல் மண்ணுக்குப் போயிருக்கிறது, மருந்தோடு இந்தச் சோப்பு மாதிரிப் பரவ வைக்கும் பரவுதிரவம் கலந்து, குருத்துக்குள் படும்படி அடியுங்கள் என்றேன். அவர் தானே நாலைந்து சொட்டு விட்டு, உருள்வதையும் பரவுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பயிரில் முக்கால்வாசி தேறியது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அன்றைக்கு இலையைத் திரும்பச் சுருட்டும்போது அவர் முகத்தில் ஒரு குறைதான் தெரிந்தது. "ரெண்டு வாரமா அந்தக் கடைக்காரரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப என்னையத் தண்ணியத் திட்டச் சொல்ற."

பக்கம்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ராமலட்சுமி விசைத்தறிக்கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவர், ஐம்பது வயதிருக்கும். மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டுத் தரையில் பழைய பெயிண்ட் சொட்டுகள் காய்ந்து கிடந்தன. அவற்றைத் துடைத்தெடுக்கத் தின்னர் வாங்கினார். தீ பக்கத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லோருக்கும் சொல்வதுதான், சில்லறை கொடுக்கும்போது வாய் தானாகச் சொல்லும். அவர் வீட்டுக்குப் போய், தெருத்தூசி வராமலிருக்க ஜன்னல்களை மூடிவிட்டு, தரையில் ஊற்றித் தேய்த்திருக்கிறார். தின்னர் சீக்கிரம் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தவழும். அடுத்த அறையில் சாமி படத்துக்கு முன்னால் தரையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆவி நிலைப்படியைத் தாண்டி அதுவரைக்கும் போயிருக்கிறது. தீ, ஆவி போன வழியே திரும்பி வந்தது.

செய்தி மூன்றாம் நாள்தான் கடைக்கு வந்தது. பாய் ஷட்டரை இறக்கிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ராமலட்சுமிக்கு வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, விரல்கள் மடங்கி வர நாளாகும் என்றார்கள். அவர் மகள்தான் ஆரஞ்சு உரித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, நிச்சயத்தை அடுத்த மாசம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். ஆவியின் அடர்த்தி பற்றித் தேர்வில் ஒரு பக்கம் எழுதியவள் நான், அதில் ஒரு வரியைக்கூட அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போதெல்லாம் தின்னர் கேட்பவரிடம் வீட்டில் விளக்கு எங்கே, அடுப்பு எங்கே, ஜன்னல் திறக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் கேனை எடுக்கிறேன். ரேஷன் கார்டும் வேண்டுமா என்று சிலர் எரிந்து விழுகிறார்கள். விழட்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ராமலட்சுமி கோபப்படவே இல்லை. எனக்குப் புரிய வைக்க வேண்டும் என்ற மாதிரி நிதானமாகத்தான் சொன்னார்: "தீ பக்கத்துல வைக்காதீகன்னு சொன்ன. நானும் வைக்கல தாயி. விளக்கு அந்த ரூம்ல இருந்துச்சு. பக்கம்னா எம்புட்டு தூரம்னு நீ சொல்லலையே."

குட்டை மேல் மெழுகு

எம்.ரெட்டியபட்டிக்காரர் வேலுச்சாமி, முண்டு மிளகாய் போட்டிருந்தார். பண்ணைக்குட்டையில் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். மாசி முடிவதற்குள் வெயில் குட்டையைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. காய் பிடித்து நிற்கிற நேரம். இன்னும் இரண்டு தண்ணி பாய்ச்சினால் பயிர் கைக்கு வரும். குட்டையில் இருப்பது, வெயில் குடித்தது போக, ஒரு தடவைக்குத்தான் வரும். தண்ணீர்மேல் மெழுகு மாதிரி ஒன்றைத் தூவினால் ஆவியாகாது என்று யாரோ போனில் அனுப்பிய படத்தில் பார்த்திருக்கிறார். அப்படி ஒன்று இருக்கிறதா, இருந்தால் ஒரு கிலோ கொடுங்கள் என்றார்.

இருக்கிறது. முகப்பூச்சு தயாரிப்பவர்களுக்காக நாங்கள் விற்கும் சீட்டைல் ஆல்கஹால்தான் அது. வெள்ளைச் செதில். அதன் துகளுக்கு ஒரு முனையில் தண்ணீரைப் பிடிக்கும் கை, மற்றபடி நீளமான மெழுகு வால். தண்ணீர்மேல் பட்டதும் அந்தக் கையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும். ஒரே ஒரு அடுக்கு. கண்ணுக்கே தெரியாத அந்தத் தோல் தண்ணீர் எழுந்து போவதைத் தடுக்கும். இதைப் பற்றி நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேனே தவிர, ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு கிலோ வேண்டாம், ஐம்பது கிராம் போதும், அதையும் பொடி செய்து காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள் என்றேன். கிலோ கேட்டவருக்குக் கிராமில் நிறுத்துக் கொடுத்ததைப் பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். காற்றடித்தால் தோல் கிழிந்துவிடும் என்பதையும் மறக்காமல் சொன்னேன். ராமலட்சுமி அப்படிச் சொன்ன பிறகு நான் எதையும் பாதியில் நிறுத்துவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து நானே போய்ப் பார்த்தேன். வேலுச்சாமி குட்டைக்குள் ஒரு கம்பு நட்டு, தினமும் தண்ணீர் மட்டத்தில் கத்தியால் கோடு கீறி வைத்திருந்தார். காற்றில்லாத நாட்களின் கோடுகள் நெருக்கமாக இருந்தன. காற்றடித்த நாட்களில் பழைய இடைவெளியேதான். மெழுகெல்லாம் ஒரு கரையில் ஒதுங்கியிருந்தது. அதனால் காற்று வரும் பக்கத்தில் கம்புகள் நட்டு, வீட்டிலிருந்த பழைய சேலைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார். நான் நின்றபோது மெல்லக் காற்று வந்தது. குட்டையில் ஒரு பக்கம் சிற்றலை ஓடியது. சேலைகளின் மறைவில் இருந்த பக்கம் மட்டும் அசையாமல், கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தப் பாடத்துக்கு எட்டு மதிப்பெண். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் தண்ணி முழுசாக வரவில்லை. முக்கால்வாசிப் பாத்திக்குப் பாய்ந்தது, மிச்சப் பாத்தியை விட்டுவிட்டார். முதல் பறிப்பு முடிந்ததும் ஒரு பை மிளகாயோடு கடைக்கு வந்தார். ஊரில் இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள், அவர்களிடம் இது நல்ல மருந்து என்று சொல்லலாமா என்று நான் கேட்டேன். அவர் பையைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு நியாயமாக யோசித்தார். "மெழுகு காப்பாத்துச்சா, எங்க வீட்டுச் சேலை காப்பாத்துச்சானு எனக்கே தெரியல தாயி. கேக்குறவுககிட்ட ரெண்டையும் சொல்லிக் குடுத்துரு" என்றார்.

எங்கள் கடைச் சரக்கு எல்லாம் புத்தகத்தில் எழுதியிருக்கிறபடியேதான் நடந்துகொள்கிறது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களும் இந்தப் பக்கம் நிற்கும் நானும்தான் இன்னும் எந்தப் பாடத்திலும் வரவில்லை.